வீடான வள்ளமும் வீடாகாத தோணியும்

சென்ற மாரி ஓய்ந்த கையோடு கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த என் பள்ளித் தோழன், மட்டக்களப்பின் கல்லடியில் வாவியைப் பார்த்தபடி விறாந்தையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "மச்சான், கேரளாவில ஓடுற மாதிரி ஒரு படகு வீட்டை நம்மட ஆத்தில விட்டா என்ன? காசு நான் போடுறன், நீ நிண்டு பார்த்துக்கொள்" என்றான். அவன் சொன்னதில் பிழை ஒன்றும் எனக்கு அப்போது தெரியவில்லை. எங்களிடம் வாவி இருந்தது, தோணி இருந்தது, இப்போது வெளிநாட்டுப் பயணிகளும் வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் மற்றவர் காசில் இறங்குவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியதால், இரண்டு மாதம் கழித்து ஆலப்புழைக்குப் போய்ப் படகு வீடொன்றில் ஓரிரவு தங்கினேன். திரும்பி வந்ததும் எங்கள் வாவியின் இரு கரைகளிலும் உள்ள துறைகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். தோழனுக்கு நான் இறுதியில் அனுப்பிய விடை இரண்டே வரிகள்தான். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருந்த சரித்திரத்தை அவன் வாசிக்க மாட்டான் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கம் வந்திராதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவி வடக்கே செங்கலடி, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய ஊர்கள் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு நிலப்பட்டை கிடக்கிறது. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை, படும் பக்கத்துக் கரை படுவான்கரை. எழுவான்கரையில் தென்னையும் கடைத்தெருவும் பள்ளிக்கூடங்களும், படுவான்கரையில் வயலும் மாடும் காடும் என்பது பழைய கணக்கு. நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு உண்மையிலேயே ஒரு தீவு. நாங்கள் எழுதும்போது வாவி என்று எழுதுவோம், கதைக்கும்போது ஆறு என்றுதான் சொல்வோம்.

இன்னொரு சொல்லையும் விளக்கியாக வேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில இடங்களில் வாகனங்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்று பெயர். "பாதை எப்ப வரும்?", "பாதை அக்கரையில நிக்குது", "பாதை பழுதாப்போச்சு" என்றெல்லாம் துறையடியில் கேட்கலாம். இடமாற்றம் பெற்று வந்த தென்பகுதித் தமிழ் ஆசிரியை ஒருவர், பாதை வரும் வரை இருக்கச் சொன்னதைக் கேட்டு, யாரோ தெருப் போடப் போகிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்ததாகச் சிரித்துச் சொன்னார். தரையில் நாம் பாதையில் போகிறோம், வாவியில் பாதை நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது.

ஆலப்புழையில் நான் ஏறிய படகை அவர்கள் கெட்டுவள்ளம் என்கிறார்கள். அவர்களின் கெட்டு நமது கட்டு, வள்ளமோ இரண்டு கரைக்கும் பொதுச்சொல். ஓர் ஆணிகூட அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் இழுத்துத் தைத்து, இடுக்குகளில் தும்பை அடைத்து, கஜுக்கொட்டையின் தோலிலிருந்து காய்ச்சி எடுத்த கறுப்பு எண்ணெயைப் பூசிச் செய்வதால் அந்தப் பெயர். படகை ஓட்டியவர் அறுபதைத் தாண்டியவர், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் சில காலம் வேலை செய்ததால் தமிழ் தெரிந்தவர். அவருடைய தகப்பனார் இதே மாதிரி வள்ளத்தில், ஆலப்புழையைச் சுற்றிய வயல்நாடான குட்டநாட்டின் நெல்லை ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுபோனவராம். பெரிய வள்ளம் நூறு அடி நீளம் வரை இருக்கும், முப்பது தொன் வரை ஏற்றும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். போய்த் திரும்பப் பல நாள் ஆகும் என்பதால் சோறு பொங்கும் அடுப்பும் படுக்கும் பாயும் வள்ளத்திலேயே இருந்தன. வளைந்த கூரை நெல் நனையாமல் இருப்பதற்காகப் போட்டது. அதன் கீழே சரக்கு இல்லாத மூலையில்தான் ஆட்கள் படுத்தார்கள்.

பின்னர் நடந்தது எளிதாக ஊகிக்கக்கூடியது. தெருக்களும் பாலங்களும் வந்தன, லொறி ஒரே நாளில் கொச்சிக்குப் போய்த் திரும்பியது, வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன. 1990களின் தொடக்கத்தில் சிலர் அவற்றை வாங்கி, நெல் கிடந்த இடத்தில் கட்டிலைப் போட்டு, கூரையை உயர்த்தி, ஓரத்தில் யன்னல் வெட்டிச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். கயிற்றால் தைத்த அடிப்பாகமும் மூங்கிற் பாயால் வேய்ந்த கூரையும் பழையவை, கட்டிலும் கழிப்பறையும் புதியவை. வேலை இழந்த படகுக்கு வேலை கிடைத்தது. வேலை இழந்த ஓட்டிகள் சிலருக்கும் கிடைத்தது.

இன்றைக்கு அங்கே ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை நெல்லைக் கண்டே இராதவை. சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்டவை, இயந்திரம் பொருத்தியவை. நான் தங்கியதும் அப்படி ஒன்றுதான். பகலில் வேம்பநாட்டுக் காயலில் இரண்டு மணி நேரம் ஓடியது. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களை வரம்புக்கு மேலாகத் தலை நீட்டிப் பார்த்தபோது, நீர் மேலேயும் நிலம் கீழேயும் இருக்கும் அந்த விசித்திரம் எனக்குப் பிடித்திருந்தது. மாலை ஐந்தரைக்குப் படகை ஒரு தென்னை மரத்தில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு மீனவர்கள் வலை விடும் நேரம், படகு வீடுகள் ஓடக்கூடாது. இது சரியான ஒழுங்குதான். ஆனால் ஆற்றில் தங்குவதற்காகக் கடல் கடந்து போன நான், முன்னாலும் பின்னாலும் வேறு படகுகள் நெருங்கி நிற்க, குளிரூட்டியை ஓட்டும் மின்பிறப்பாக்கிகளின் இரைச்சலில், கரையிலிருந்து பத்தடி தூரத்தில் இரவைக் கழித்தேன். படகோட்டி பின்புறச் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். அவருடைய தகப்பனார் படுத்ததும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் இருக்கும்.

கழிவு நீர் எங்கே போகிறது என்று காலையில் அவரிடம் கேட்டேன். தொட்டி இருக்கிறது, கரையில் எடுத்துவிடுவார்கள் என்றார். எல்லாப் படகிலுமா என்றதற்கு அவர் காயலைப் பார்த்தார். வேம்பநாட்டுக் காயல் தாங்கக்கூடியதைவிட அதிகமான படகுகள் அதில் ஓடுகின்றன என்பது அங்கே பல காலமாக எழுந்துவரும் முறைப்பாடு. படகு வீட்டோடு சேராவிட்டாலும் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2023 மே 7ஆம் திகதி மலப்புறத்துத் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகொன்றை மாற்றிச் செய்த படகு அது, அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் அதில் இருந்தார்கள். பழைய படகை மாற்றுவது என்பது கூரையை உயர்த்திக் கட்டிலைப் போடுவதோடு முடிகிற வேலையல்ல.

கெட்டுவள்ளம் வீடானதற்கு நூறு ஆண்டு முந்திய படகு வீட்டுச் சரித்திரம் காசுமீரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயருக்குச் சிறிநகரின் குளிர்ச்சி பிடித்தது, ஆனால் வெளியார் நிலம் வாங்குவதை டோக்ரா மன்னரின் ஆட்சி அனுமதிக்கவில்லை. நீருக்கு அந்தத் தடை இல்லை. ஜீலம் ஆற்றிலும் தால் ஏரியிலும் டூங்கா என்ற கூரை போட்ட படகுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வாழ்ந்துவந்த ஹாஞ்சி மக்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்த டூங்காவே தேவதாரு மரத்தாலான வரவேற்பறையும் சாப்பாட்டறையும் படுக்கையறைகளும் கொண்ட வீடாக வளர்ந்தது. காணி உறுதி எழுத முடியாத துரைமாருக்காகக் காணியே இல்லாத வீடு. வேலை இழந்த வள்ளம் வீடானது குட்டநாட்டுக் கதை, நிலம் மறுக்கப்பட்டவன் நீரில் வீடு கட்டியது காசுமீரத்துக் கதை.

வங்காளத்திலும் எகிப்திலும் நடந்தது வேறு மாதிரி. அங்கே தொலைவுதான் காரணம். 1824இல் கல்கத்தாவின் ஆயர் ஹேபர் கங்கை வழியாக வடக்கே போனபோது படகிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்தார். பஜ்ரா என்ற அறை வைத்த படகுகள் ஜமீன்தார்களிடமும் அதிகாரிகளிடமும் இருந்தன. தாகூர் குடும்பத்தின் பத்மா படகும் அந்த வகையைச் சேர்ந்ததுதான், கவிஞர் சிலைதாவில் அதிலேயே தங்கி எழுதினார். நைல் நதியில் தகபியா என்ற பாய்மரப் படகை மாதக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் போன பயணிகளை, 1869 முதல் தோமஸ் குக் நிறுவனம் நீராவிப் படகுகளுக்கு இழுத்துக்கொண்டது. நீராவியும் ரயிலும் வந்ததும் அந்தப் படகுகளின் காலம் சுருங்கியது.

படகிலிருந்து பிறக்காத ஒரு மிதக்கும் விடுதியும் உண்டு. அதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் இங்கே செருகுகிறேன். சிங்கப்பூரில் கட்டிய ஏழு மாடி மிதக்கும் ஹோட்டல் ஒன்று 1988இல் அவுஸ்திரேலியாவின் பவளத்திட்டில் திறக்கப்பட்டது. காற்றும் கடலும் கடனும் சேர்ந்து ஒரு வருடத்தில் அதை விற்க வைத்தன. அடுத்த வருடம் அதை இழுத்துவந்து சைகோன் ஆற்றில் கட்டினார்கள். போருக்குப் பின் வியட்நாமுக்கு வந்த வியாபாரிகளுக்கு நல்ல ஹோட்டல் கிடைக்காத காலம் அது, ஆகவே சில ஆண்டுகள் அது நன்றாக ஓடியது. நகரத்தில் புதிய ஹோட்டல்கள் எழும்பியதும் ஆட்டம் முடிந்தது. பிறகு வடகொரியாவின் கும்காங் மலையடியில் 2000ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தார்கள். 2008இல் தென்கொரியப் பயணி ஒருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டதோடு பயணிகள் வருவது நின்றது, 2022இல் அதை உடைத்தார்கள். எந்தத் துறையிலும் அதற்கு ஒரு பழைய தொழில் இருக்கவில்லை. இழுத்த இழுப்புக்கெல்லாம் போனது.

இனி எங்கள் வாவிக்கு வருகிறேன். ஆலப்புழையிலிருந்து திரும்பிய பிறகு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கரையோர ஊர்களின் பெயர்களை வாசித்துப் பார்த்தேன். சிறு வயது முதல் பஸ்ஸில் கடந்து போன பெயர்கள்தான். அம்பிளாந்துறை, துறைநீலாவணை, சம்மாந்துறை, குருக்கள்மடம், ஓந்தாச்சிமடம், முனைத்தீவு, மண்முனை. இவற்றில் சம்மாந்துறை இன்று அம்பாறை மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே நிற்கும் பெரிய ஊர். சம்பான்கள் வந்து கட்டிய துறை என்பதால் சம்பான்துறை, அது மருவிச் சம்மாந்துறை என்று ஊரவர்கள் சொல்வார்கள். அதன் சரி பிழை எப்படியிருந்தாலும், துறை என்ற சொல் வயலுக்கு நடுவே இருக்கும் ஊரில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் தோணி ஒருகாலத்தில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

மடம் என்று முடியும் இரண்டு ஊர்ப்பெயர்களில்தான் எனக்கு விடை கிடைத்தது. வழிப்போக்கர் தங்குமிடம் எங்களிடம் இருந்திருக்கிறது. அது இருந்தது கரையில். நீண்ட காலம் இருந்ததால்தான் ஊருக்கே பெயராகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் இன்றும் அந்தக் கரை வழியாகவே போகிறார்கள், ஊர் ஊராகக் கோயில்களிலும் மடங்களிலும் தங்கிச் சோறு உண்டு போகிறார்கள். ஆவணி மாதத்து மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரோட்டத்துக்கும் எழுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து போய், கோயிற் சூழலில் கொட்டில் போட்டுத் தங்கிய கதைகளை என் அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். தோணி அவர்களை இறக்கிவிட்டு நின்றது. தோணியில் யாரும் குடியிருக்கவில்லை.

என் அம்மப்பா படுவான்கரையிலிருந்து புளியந்தீவுக்கு நெல்லும் தயிரும் கொண்டுபோன தோணியில் இளமையில் கூட ஆளாகப் போனவர். பொழுது சாயும் நேரத்தில் தள்ளத் தொடங்குவார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் தோணி தள்ளுவது நெருப்புக்குள் தள்ளுவது போல என்பார். நடுவழியில் ஏதாவது ஒரு துறையில் தோணியைக் கட்டிவிட்டு, அங்கே உள்ள சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் சற்றுக் கண்ணயர்ந்து, விடிவெள்ளி பார்த்து மீண்டும் தள்ளி, காலைச் சந்தைக்குப் போய்ச் சேருவார்கள். தாய்வழியாகக் குடி பார்க்கும் எங்கள் சமூகத்தில், இரண்டு கரைக்கும் கொண்டு கொடுத்துக் கொண்டிருந்த காலத்தில், மச்சான் இல்லாத துறை என்று ஒன்று இருக்கவில்லை. குட்டநாட்டு வள்ளக்காரர் பல நாள் பயணத்தில் படகிலேயே தூங்கினார். என் அம்மப்பாவின் இரவு ஒரே இரவு, அதையும் அவர் உறவு வீட்டுத் திண்ணையில் கழித்தார்.

தோணியும் அதற்கேற்ற அளவில்தான் இருந்தது. ஆழம் குறைந்த வாவியில் கம்பு ஊன்றித் தள்ளும் தோணிக்கு நூறடி நீளமும் முப்பது தொன் வயிறும் தேவைப்படவில்லை. வண்டியையோ மாட்டையோ ஏற்ற வேண்டுமானால் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பினால் போதும். தமிழகராதிகள் இந்த இரட்டைத் தோணியைச் சங்கடம் என்கின்றன, மலையாளத்தில் சங்ஙாடம். ஏறி இறங்கிய எவரும் அந்தப் பெயருக்கு மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார். இப்படிக் கட்டிய மேடைதான் பின்னர் இரும்புப் பீப்பாவும் இயந்திரமும் பெற்றுப் பாதையானது என்பது என் ஊகம்.

காசு கொடுத்துத் தங்கும் இடமும் கரையில்தான் வந்தது. 1602இல் ஒல்லாந்துக் கப்பல் தலைவன் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கிய காலத்திலும், 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டி 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்த காலத்திலும், அந்நியர் தங்கியது கப்பலில் அல்லது கோட்டையில். 1814இல் வந்த மெதடிஸ்த மிசனறி வில்லியம் ஓல்ட் இறங்கியதாகச் சொல்லப்படும் துறை புளியந்தீவில் பழைய வாயிலோடு இன்றும் இருக்கிறது, பக்கத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. பாவம், அவர் ஒரு வருடங்கூட வாழவில்லை, 1815 ஏப்ரலில் இறந்தார். பிரித்தானியர் காலத்தில் உத்தியோகத்தர் சுற்றுப்பயணம் போகும் வழிகளில் வாடிவீடுகள் எழுந்தன. இலங்கைத் தமிழுக்கே உரிய இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். வாடி என்பது மீனவர் பருவத்துக்குப் போட்டுக் கழற்றும் குடில். துரைமாரின் ஓட்டு வீட்டுக்கும் எங்கள் ஆட்கள் அந்தக் குடிலின் பெயரையே வைத்துவிட்டார்கள். வருவான், இருப்பான், போய்விடுவான் என்ற கணக்கு.

நீரின் மேல் இரவு கழிக்க வந்த அந்நியரும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் தூங்க வரவில்லை, பாட்டுக் கேட்க வந்தார்கள். 1848இல் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ட் நிலாவொளியில் தோணியில் போய், வாவியின் அடியிலிருந்து எழும் ஓசையைக் கேட்டு விரிவாக எழுதினார். பாடுவது ஊரி என்ற நத்தை வகை என்று படகோட்டிகள் அவரிடம் சொன்னார்கள். பின்னர் மீன் பாடுகிறது என்பதே நிலைத்து, ஊரே மீன்பாடும் தேனாடு ஆகிவிட்டது. துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். இயந்திரம் ஓடினால் எதுவும் கேட்காது. மின்பிறப்பாக்கியோடு ஒரு படகு வீடு வந்து நின்றால் என்ன ஆகும் என்று தோழனிடம் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

பிறகு பாலங்கள் வந்தன. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கிய கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது, 1928இல் ரயில் வந்தது. குட்டநாட்டில் நடந்தது போலவே எங்கள் தோணிகளின் சரக்கு வேலையும் மெல்ல மெல்லத் தெருவுக்குப் போனது. தெற்கே பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் ஒரு பெருங்குளத்தை உண்டாக்கியது. இன்று அங்கே படகில் போனால் தீவிலிருந்து தீவுக்கு யானைகள் நீந்துவதைப் பார்க்கலாம், ஆனால் பொழுது சாய்வதற்குள் கரைக்குத் திரும்ப வேண்டும். பொத்துவில் களப்பில் மீனவர்கள் பயணிகளைத் தோணியில் ஏற்றிக் கண்டல் மரங்களைக் காட்டுகிறார்கள். அதுவும் இரண்டு மணி நேரத்துப் பயணம், இரவுத் தங்கல் அறுகம்குடாவில்.

குட்டநாட்டில் பழைய வள்ளங்களில் கட்டில் போடத் தொடங்கிய அதே 1990களில் எங்கள் வாவி என்னவாக இருந்தது என்பதை ஒரு பந்தியில் சொல்லிவிட முடியாது, சொல்லாமல் விடவும் முடியாது. 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு எழுவான்கரை ஒரு தரப்பிடமும் படுவான்கரை மற்றத் தரப்பிடமும் இருந்தன. 2007 வரை அநேகமாக அதுதான் நிலைமை. துறைகள் சோதனைச் சாவடிகளாகின. பாதையில் ஏறுவதற்கு முன் பையைத் திறந்து காட்டி, பெயரைப் பதிந்து, சவர்க்காரமும் பற்றரியும் எத்தனை என்று கணக்குச் சொல்லி, அக்கரையில் இறங்கி மீண்டும் அதையே செய்தோம். இருட்டிய பிறகு வாவியில் அசையும் எதுவும் குறியாகிவிடும் என்ற பயத்தில் வலைக்காரர்களே இறங்கத் தயங்கிய இரவுகள் உண்டு. அந்தப் பதினேழு ஆண்டுகளில் நீரின் மேல் தூங்குவது இன்பம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனைப் பைத்தியம் என்றிருப்போம். நடுவே 2004 மார்கழி 26இல் கடல் வந்து நாவலடியையும் கல்லடிக் கரையையும் எடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் சிலர் தோணியில் ஏறுவதையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் போர் இல்லாதிருந்தால் எங்களிடமும் படகு வீடு வந்திருக்கும் என்று வாதிட எனக்கு மனம் வரவில்லை. எல்லாக் குறையையும் போரின் தலையில் கட்டுவது எங்களுக்குப் பழகிய வழி. வீடாவதற்கு முதலில் பெரிய வயிறுடைய வேலைப் படகு இருந்திருக்க வேண்டும், அது இருக்கவில்லை. படகில் படுத்தே ஆக வேண்டிய நெடும் பயணம் இருந்திருக்க வேண்டும், அதுவும் இருக்கவில்லை. கரையில் இடம் மறுக்கப்பட்ட பயணியும் இங்கே வரவில்லை. வந்தவனைத் திண்ணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்றைய நடைமுறைச் சிக்கல்கள் வேறு. மாரியில் வெள்ளம் ஏறி முகத்துவாரம் வெட்டிவிட்டால் நீர்மட்டம் சட்டென்று இறங்கும், வெயில் காலத்தில் மணல் மூடிவிட்டால் வேறு மாதிரி. நேற்று மிதந்த இடத்தில் இன்று சேற்றில் உட்காரலாம். ஆற்றுவாழை என்கிற ஆகாயத்தாமரை அடர்ந்த மூலைகளில் இயந்திர விசிறி சுற்றாது. இரவில் வலைகள் எங்கே கிடக்கின்றன என்பது போட்டவனுக்கு மட்டுந்தான் தெரியும். படுவான்கரையில் முதலைக்குடா என்று ஓர் ஊர் இருக்கிறது, முன்னோர் அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை என்பதை விடிகாலையில் படகின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரும் வெள்ளைக்காரருக்கு யார் விளக்குவது?

துறைகளைப் பார்த்துவரப் புறப்பட்ட நாட்களில், மண்முனையில் 2014இல் திறந்த பாலத்தில் ஒரு நிமிடத்தில் கடந்தேன். பாதைக்காக அங்கே அரைநாள் காத்துக் கிடந்த ஞாபகம் இருக்கிறது, அதற்காக ஏங்குகிற அளவுக்கு நான் மடையன் இல்லை. பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களை அறிந்த எவரும் பாலத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். கடைசியாகக் குருமண்வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, மண்டூருக்குப் போகும் கடைசிப் பாதையும் போய்விட்டது. துறையடியில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர், "இனி விடியத்தான் மனே" என்றார். மோட்டார் சைக்கிளைத் திருப்பியபோது, "இந்த இருட்டுக்குள்ள எங்க போறாய்? எந்த ஊர்? யார்ர மகன்?" என்று கேட்டார். அம்மப்பாவின் பெயரைச் சொன்னதும் சற்று யோசித்து, அவருடைய தங்கையைக் கட்டியவரின் ஊரைச் சொல்லி, அந்த ஊரில் இன்னாரைத் தெரியுமா என்று கேட்டு, மூன்று பெயர்களைக் கடந்து நான் அவருக்கு மருமகன் முறை என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நான் போவதற்கு வழியில்லை. மீன் குழம்பும் சோறும் தந்தார்கள், விறாந்தையில் பாயைப் போட்டார்கள். படுத்திருந்தபடியே பார்த்தால் வாவியும் அக்கரை விளக்குகளும் தெரிந்தன. ஆலப்புழையில் எனக்குத் தெரிந்தது அடுத்த படகின் குளிரூட்டிப் பெட்டி.

விடியற்காலை ஐந்தரைக்கு, "பாதை வந்திட்டு" என்று ஒரு சிறுபிள்ளை கத்திய சத்தத்தில் எழும்பினேன். தயிர்முட்டிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவே நின்று அக்கரைக்குப் போகும்போதுதான் தோழனுக்கு அந்த விடையை அனுப்பினேன். "படகு வீடு வேண்டாம். துறையில் திண்ணை வைத்து ஒரு வீடு கட்டு." வெளிநாட்டில் அப்போது இரவாக இருக்க வேண்டும், உடனே பதில் வந்தது. "அது வெறும் ஹோட்டல்தானேடா?" சிறிது நேரம் கழித்து இன்னொன்று. "சரி, கரையிலயே கட்டுவம். ஆனா மரத் தோணி ஒண்டு கட்டாயம் வேணும், மீன் பாடுறதைக் கேக்கப் போக."

அது நியாயமான கோரிக்கை என்பதால் ஓடாவி ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது வாவியில் பெரும்பாலும் பைபர் தோணிகள்தான். மரத்தோணி கட்டத் தெரிந்தவர் என்று சொல்லி இதுவரை இருவரைக் காட்டினார்கள். ஒருவருக்குக் கண் தெரியவில்லை. மற்றவர் பட்டறையில் கதவும் யன்னலும் செய்துகொண்டிருந்தார், மரம் கிடைத்தால் வந்து சொல்லும்படி கேட்டார்.